சுல்தான் வீட்டுக்குச் சிட்டுவைக் கொடுப்பது

ராசா,

உன் கடிதம் வந்தது. கல்யாணத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, மிச்சம் முழுவதும் நாயைப் பற்றியே எழுதியிருக்கிறாய். உன் அப்பா சத்தமாக வாசித்தார், நான் அடுப்பில் ரொட்டியைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சிட்டு வாசலில் படுத்திருந்தாள். தன் பெயர் வந்த இடத்திலெல்லாம் காதை நிமிர்த்தினாள். "சிட்டுவை எனக்குத் தந்துவிடுங்கள் அம்மா. டிக்கோயாவுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கி, வேலைநாய்ப் பட்டம் வாங்க வைத்து, சுல்தானின் பேரன் ராஜாவோடு சேர்க்கப்போகிறேன். வேலாயுத மாமாவும் காமாட்சி அத்தையும் ரொம்ப ஆசைப்படுகிறார்கள்" என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் ரொட்டி கருகிவிட்டது. உன் அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்னா புள்ள, வயிறு எரியுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதனால் பதிலை நானே எழுதுகிறேன். உன் அப்பாவை எழுதச் சொன்னால் "அப்படியே ஆகட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன். இதை நீ தனியாக வாசித்தாலும் சரி, அந்த லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து நாலு பேர் கேட்க உரக்க வாசித்தாலும் சரி. காமாட்சியும் கேட்கட்டும். சம்பந்தியாகப் போகிறவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவள்மேல் பொறாமை. இன்றைக்கு நேற்றைக்கு வந்த பொறாமை இல்லை. சுல்தான் என்ற அந்த நாய் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அது என்னோடு இருக்கிறது. ஒரு பிள்ளையை வளர்க்கிற மாதிரி அதற்கும் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

சுல்தான் டிக்கோயாத் தோட்டத்து நாய் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அது பிறந்தது நம் தொரை பங்களாவின் நாய்க் கொட்டகையில். நீ பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாய். நம் பெரிய தொரை அல்சேஷன் நாய்கள் வைத்திருந்தார். உன் அப்பா அவருக்கு நாய்க்காரர். நான் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள்தான். ஆனாலும் நாய்க்குப் பிள்ளைப்பேறு என்றால் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிற வேலை எனக்குக் கிடையாது, நேரே கொட்டகைக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிடும். அன்றைக்கு நடுப்பகல், கொட்டகைத் தகரத்தில் மழை அடித்த அடியில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. குட்டிகள் வரிசையாக வந்தன. ஒன்று மட்டும் மூச்சில்லாமல் வந்தது. "விட்டுரு புள்ள, அது போயிருச்சு" என்று உன் அப்பா சொன்னார். நான் விடவில்லை. சாக்குத் துண்டால் தேய்த்தேன், தலைகீழாகப் பிடித்து உதறினேன், மூக்கில் வாயை வைத்து ஊதினேன். கடைசியில் பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதுதான் சுல்தான். அதோடு பிறந்த பெட்டை கருப்பி. பால் மறந்ததும் டிக்கோயாத் தொரை வந்து பார்த்து, பெரிய குட்டியாகச் சுல்தானைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய நாய்க்காரர் வேலாயுதம் ஒரு கூடையோடு வந்து வாங்கிக்கொண்டு போனார். கருப்பி நம்மோடு நின்றாள். என் வாய்க்காற்றில் பிழைத்த நாய் அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போய் நன்றாக இருக்கட்டும் என்று நெற்றியில் திருநீறுகூடப் பூசி அனுப்பினேன். அவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் தொரைமாருக்கெல்லாம் அந்தப் பட்டப் பைத்தியம் பிடித்தது. வேலைநாய் என்றால் என்னென்ன செய்யவேண்டும் என்று அவர்களே உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள். ஆளோடு ஒட்டி நடக்கவேண்டும். சொன்னவுடன் உட்காரவேண்டும். ஆள் மறைந்து போனாலும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருக்கவேண்டும். எறிந்த கட்டையை எடுத்துவர வேண்டும், பலகையைத் தாண்ட வேண்டும், வெடிச் சத்தத்துக்குப் பயப்படக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் மார்க்கு. போதுமான மார்க்கு எடுத்த நாய்க்குப் பட்டம். திம்புள்ளப் பக்கத்தில் தொரைமார் கிளப்பு மைதானத்தில்தான் பரீட்சை. அந்த மைதானத்தை நீயும் பார்த்திருக்கிறாய். இந்த மலைநாட்டில் அப்படி ஒரு சமதரையைத் தேடினாலும் கிடைக்காது. மலையை வெட்டி நிரவிப் புல் வளர்த்து, கம்பளம் விரித்த மாதிரி வைத்திருந்தார்கள். நம் தோட்டத்து நாய்க்கு வேலை என்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். தொரையோடு மலை சுற்றவேண்டும், கொழுந்து அரைக்கிற ஸ்டோரைக் காக்கவேண்டும், மரக்கறித் தோட்டத்தில் விழும் பன்றியைச் சரிவில் விரட்டிக்கொண்டு போகவேண்டும். அந்த வேலைக்குப் பட்டம் கொடுக்கிறவர்கள் நாயை ஒரு மேட்டில்கூட ஏற்றிப் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கும் உறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லோரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு லொறியில் ஏறிப் போனோம்.

கருப்பி எல்லாவற்றையும் செய்தாள். நடந்தாள், எடுத்தாள், தாண்டினாள். வெடிச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்கவில்லை. உட்காருவதில்தான் வந்தது வினை. காலையில் மழை பெய்து புல் நனைந்திருந்தது. உன் அப்பா உட்காரச் சொன்னார், உட்கார்ந்தாள். அவர் கிளப்புக்குப் பின்னால் போய் மறைந்தார். கருப்பி குனிந்து புல்லைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து நின்றாள். ஓர் அடி நகரவில்லை. அவர் திரும்பி வரும்வரைக்கும் அதே இடத்தில் நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டே இருந்தாள். ஈரப்புல்லில் உட்கார்ந்தால் அட்டை ஏறும் என்று குட்டியிலிருந்து அவளை அதட்டி அதட்டி வளர்த்தவள் நான். மூக்குக்குள் அட்டை புகுந்து, உப்புத் தண்ணீர் ஊற்றி இழுத்தெடுத்த பாடு எனக்குத்தான் தெரியும். மலையில் ஆட்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள், நாயும் நிற்கும். நம் தோட்டத்தில் எந்த நாயாவது ஈரப்புல்லில் உட்கார்ந்து நீ பார்த்திருக்கிறாயா? கொழும்பிலிருந்து வந்திருந்த ஜட்ஜு தலையை ஆட்டிக்கொண்டு மார்க்கை வெட்டினார். அடுத்து வந்த சுல்தான், பங்களா விறாந்தையில் சிமெந்துத் தரையில் வளர்ந்தது. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தது. பட்டம் அதற்குப் போனது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அட்டை இல்லாத எடத்துல உக்காரச் சொல்லிப் பாக்கட்டும், எங்க நாயி நாள் பூரா உக்காரும்" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் வேலாயுதத்தின் பெண்சாதி காமாட்சி நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அது மாதிரில்ல இருக்கு அக்கா" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார்! அன்றைக்கு லொறியில் திரும்பி வரும்போது அவரோடு நான் பேசவில்லை. "நாயி நல்லா உக்காந்துச்சு, அவன் செயிச்சான். அதுக்கு நீ ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று அவர் கேட்டார். அவருக்கு எதையும் மறக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. டிக்கோயாத் தொரைசானி காமாட்சிக்கு ஊதா நிறத்தில் ஒரு பட்டுச்சேலை வாங்கிக் கொடுத்தாள். மூச்சில்லாமல் வந்த குட்டிக்கு மூச்சு கொடுத்தவளுக்கு ஒரு ரவிக்கைத் துண்டுகூடக் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. பட்டம் வாங்கிய நாயின் குட்டிதான் வேண்டும் என்று எல்லாத் தொரைமாரும் நின்றார்கள். திம்புள்ளயிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பெட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு டிக்கோயாவுக்குப் போனார்கள். கொஞ்ச வருஷத்தில் எந்தப் பங்களாவுக்குப் போனாலும் வாசலில் சுல்தானின் மூஞ்சிதான். நம் தொரையும் கருப்பி அதற்கு முன்னால் போட்டிருந்த குட்டிகளையெல்லாம் கொடுத்துவிடச் சொன்னார். அகரப்பத்தனைப் பக்கத்து நாய்க்குப் பிறந்த நல்ல குட்டிகள். "இது டைட்டில் இல்லே. இது வேணாம். வெளியே குடு" என்றார். அதில் ஒரு பெட்டையை நாம் கேட்டு வாங்கி லயத்தில் வைத்துக்கொண்டோம். அவள்தான் செல்லி, இந்தச் சிட்டுவின் பாட்டி. அப்புறம் கருப்பியைச் சுல்தானிடமே கொண்டுபோனார்கள். கூடப் பிறந்த அண்ணனிடம்! மனுஷனில் செய்வார்களா? அதற்கு நானும்தான் தலையை ஆட்டினேன். நம் கொட்டகையிலும் ஒரு பட்டம் வரட்டும், காமாட்சி வாய் அடைபடட்டும் என்ற ஆசை எனக்கு. என் பொறாமைக்கு மூளை கிடையாது ராசா.

வந்தது பட்டம். அந்த ஈற்றில் டைகர் என்று ஒரு கடுவன் குட்டி. முதுகு பின்பக்கம் அழகாகச் சரிந்திருக்கும். உட்கார் என்று வாயைத் திறக்கும் முன்னாலேயே உட்கார்ந்துவிடும். ஜட்ஜு கைதட்டினார். நானும் தட்டினேன். சொன்னவுடன் உட்காருகிற நாய்க்குத்தான் மார்க்கு, மார்க்கு வாங்கிய நாய்க்குத்தான் பெட்டை, அதற்குப் பிறக்கிற குட்டி இன்னும் சீக்கிரமாக உட்காருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். அது ஏன் அத்தனை ஆசையாக உட்காருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நிற்க முடியவில்லை, அதனால் உட்காருகிறது. பின்னங்கால் இடுப்பில் சேரும் பொருத்து அதற்குச் சரியாக இல்லை. சமதரையில் ஒன்றும் தெரியாது. நம் உச்சி மலைக்குத் தொரையோடு ஏறிப்போய், இறங்கி வரும்போது பின்னுடம்பை இழுத்துக்கொண்டு வந்தது. பட்டம் வாங்கிய நாய், வயது மூன்றுகூட முடியவில்லை. தொரை கொஞ்ச நாள் பார்த்தார், அப்புறம் துப்பாக்கியை எடுத்தார். உன் அப்பாதான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னாராம், உட்கார்ந்ததாம். வந்து லயத்தில் நம் காம்பராவில் படுத்தவர் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் தொரைமார் சட்டத்தை மாற்றவில்லை. கால் இழுத்த நாய்களைப் பற்றி யாரும் வெளியில் பேசுவதில்லை, பட்டம் வாங்கியவற்றைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தும்தானே வேலை பழக அந்த வேலாயுதத்திடமே போனாய்? உன் அப்பாவிடம் பழகக்கூடாதா என்று கேட்டேன். "அப்பாவுக்கு நாயத் தெரியும், மாமாவுக்குத்தான் பரீட்சையத் தெரியும்" என்றாய். உண்மைதான். உண்மை என்பதால் அது என்னை இன்னும் குத்தியது. நாய் பழக்கப் போன பிள்ளை பொண்ணைப் பழக்கிக்கொண்டான் என்று லயமே கேலி செய்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். சரசு நல்ல பெண். குறை ஏதாவது கிடைக்குமா என்று நான் தேடாமல் இல்லை. நடையைப் பார்த்தேன், பேச்சைப் பார்த்தேன், கோலம் போட்ட கையைப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். காமாட்சி பெற்ற பெண்ணுக்கு ஒரு சின்னக் குறையாவது இருக்கக்கூடாதா?

பெண் பார்க்கப் போன நாளில் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அந்த ஊதாச் சேலை என்று உன் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். காமாட்சி அதைத்தான் உடுத்திக்கொண்டு வந்தாள், சாயம்கூடப் போகவில்லை. ஆனால் அது இல்லை காரணம். நீ தாகம் என்று எழுந்தாய். யாரையும் கேட்காமல் உள்ளே போனாய், இருட்டுக் காம்பராவில் பானை எங்கே, செம்பு எங்கே என்று தடவாமல் மொண்டு குடித்துவிட்டு வந்தாய். அப்புறம் சாப்பாட்டில் பாகற்காய் வைத்தாள். என் வீட்டில் அந்த வாடை வந்தாலே மூஞ்சியைச் சுளிக்கிறவன், அங்கே இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். "தம்பிக்கு எங்க வீட்டுப் பாகக்கான்னா உசிரு அக்கா" என்றாள். அவள் அதை நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் சோற்றோடு இலையை மடித்துவிட்டேன். இனிமேல் நீ அந்தத் தோட்டத்து நாய்க்காரன். வேலாயுதத்துக்கு முழங்கால் போய்விட்டது, புதுத் தொரை அந்த வேலையை உனக்கே கொடுத்துவிட்டார், காம்பராவும் அங்கேயே. பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் என்பது போய், என் பிள்ளை பெண் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவுக்குப் போகிறான். காலையில் நீ வாய் கொப்பளிக்கிற சத்தம் அவள் காதில் விழும். சளி பிடித்தால் அவள் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பாள். அதையெல்லாம் நினைத்தால் எனக்குக் கொழுந்து எடுக்கிற கை நின்றுபோகிறது, கங்காணி வந்து அதட்டிய பிறகுதான் நினைவு வருகிறது.

பெண் பார்க்கப் போன அன்றைக்கே வேலாயுதம் சுல்தானின் பேரன் ராஜாவைக் கொண்டுவந்து காட்டினார். விரலை அசைத்தால் உட்காருகிறது. அழகான நாய், இல்லை என்று சொல்லமாட்டேன். நம் கருப்பியின் காது அதற்கு. ஆனால் கொட்டகைப் படியில் அது ஏறினதை நான் பார்த்தேன். பின்னங்கால் ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முயல் மாதிரிக் குதித்து ஏறியது. நீயும் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்ததும் நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் மாட்டுப்பட்டிப் பக்கம் உன் அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போன வேலாயுதம், "அண்ணே, மறைச்சு என்னா ஆகப்போகுது. சுல்தான் ரத்தத்துல காலு போச்சு. இந்த மலையில ஒழுங்கா ஏறுறது இப்ப ஒங்க வீட்டு நாயி ஒண்ணுதான்" என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் வரும்போது உன் அப்பா அதை என்னிடம் சொன்னார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது புரிகிறதா, நீ என்ன கேட்டிருக்கிறாய் என்று? சிட்டுவை நான் கொடுக்காமல் இருந்தால் போதும். வேறொன்றும் செய்யவேண்டாம். இன்னும் ரெண்டு ஈற்றில் அந்த வம்சம் தானாகவே உட்கார்ந்துவிடும், காமாட்சி வீட்டுப் பெருமையும் அதோடு உட்கார்ந்துவிடும். கொடுத்தால், பிறக்கிற குட்டிகள் நாலு காலில் நிற்கும், மலை ஏறும், ஊர் என்ன சொல்லும்? சுல்தான் வம்சம் மறுபடியும் எழுந்துவிட்டது என்று சொல்லும். தொரைமார் அப்பன் பேரைத்தான் பேசுவார்கள். கருப்பி ஈரப்புல்லில் நின்றது ஒருவருக்கும் தெரியாது. நம் தொரை சீமைக்குப் போகும்போது நல்ல நாய்களையெல்லாம் விற்றுவிட்டு, பட்டம் இல்லாத வழி என்று செல்லியின் மகளை மட்டும் சீண்டாமல் போனாரே, அந்தக் கழித்துப்போட்டதில் பிறந்தவள்தான் சிட்டு. எங்கள் அரிசியில் பங்கு போட்டு வளர்த்தோம். என்னிடம் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். என் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு, அவளையும் கொடு என்றால் எப்படி?

நாலைந்து நாள் உன் அப்பாவோடு இதற்கு மல்லுக்கட்டினேன். "கொடுக்க முடியாதுன்னு எழுதிருங்க" என்றேன். அவர் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டு வந்தார். வந்து, "கோபப்படாமக் கேளு புள்ள. அந்த வீட்டுல பொறக்கப்போற குட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? காமாட்சி யாரு, நீ யாரு, எவன் செயிச்சான்? அதுக்கு நிக்கிறதுக்குக் காலு வேணும். அவ்வளவுதான்" என்றார். எனக்கு டைகர் நினைவு வந்துவிட்டது. சங்கிலியைப் பிடித்தவர் அவர், அவருக்கு எப்படி இருக்கும்? சரி, கொடுத்துவிடுவோம் என்றேன். ஆனால் என் மனசு மாறிவிட்டது என்று எழுதமாட்டேன். அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. எரிகிறது என்பதற்காக ஒரு குட்டியின் காலை நான் ஒடிக்கமுடியாது.

சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போ. பட்டத்துக்குப் பழக்கு. பட்டம் இல்லாவிட்டால் உன் புதுத் தொரை சேர்க்க விடமாட்டார் என்று எழுதியிருக்கிறாய், சரி, அவர்கள் சட்டம் அவர்களுக்கு. பரீட்சைக்குப் போகிற காலையில் அவள் வயிற்றிலும் தொடையிலும் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடு, அட்டை கிட்டே வராது. வராது என்று அவளுக்கும் தெரியவேண்டும். அதனால் முன்னாலேயே நனைந்த புல்லில் நீ அவளோடு சேர்ந்து உட்கார்ந்து பழக்கு. நீ உட்கார்ந்தால் அவள் நம்பி உட்காருவாள். அதட்டாதே. அதட்டினால் உட்காருவாள், ஆனால் உன்னை நம்பமாட்டாள். சரசு விஷயத்திலும் இதை நினைவு வைத்துக்கொள். வந்த புதிதில் ரசம் சரியா, பேச்சு சரியா, நடை சரியா என்று மார்க்குப் போடுகிற புத்தி ஆம்பிளைகளுக்கு வரும். போடாதே. எதற்கு மார்க்குப் போடுகிறாயோ அதை மட்டும்தான் அவள் உனக்குக் காட்டுவாள், மிச்சத்தை மறைத்துவைப்பாள். பதினைந்து வருஷம் கழித்து எங்கே இழுக்கிறது என்று உனக்குத் தெரியாது. இன்னொன்று, என்னிடம் வந்து உன் மாமியார் சமையலைப் புகழாதே. நான் நல்லவளாக இருக்க முயற்சி செய்கிறேன், நீயும் கொஞ்சம் உதவி செய்.

ஆனால் ஒன்று. இந்தச் சம்பந்தத்தில் பொண்ணு வீடு நாங்கள். பொண்ணு வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? ராஜாவைப் பட்டத்தோடு இங்கே கூட்டிக்கொண்டு வா. ஸ்டோரிலிருந்து உச்சி மலை வரைக்கும் உன் அப்பாவோடு ஏறட்டும், இறங்கட்டும். மறுநாள் காலையில் அது படுத்த இடத்திலிருந்து எப்படி எழுந்திருக்கிறது என்று நான் பார்க்கவேண்டும். எழுந்திருக்கும்போது பின்னங்கால் நடுங்கினால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். சுல்தானுக்குத்தான் பேரப்பிள்ளைகள் மலைக்கு மலை இருக்கிறார்களே, அதில் ஏறுகிறவன் ஒருத்தனாவது இருப்பான், அவனைத் தேடு. அவனுக்குப் பட்டம் இல்லை என்று உன் தொரை முகத்தைச் சுளித்தால், முதலில் பட்டம் இருக்கிற ராஜாவை மலையில் ஏற்றிக் காட்டு, அவரே பார்த்துக்கொள்ளட்டும். வேலாயுதத்தையும் கூட நிற்கச் சொல். அவர் வாயால் சொன்னால் தொரை கேட்பார். இதை நான் வீம்புக்குச் சொல்கிறேன் என்று காமாட்சி நினைப்பாள். கொஞ்சம் வீம்பும் இருக்கிறது, நினைத்துவிட்டுப் போகட்டும்.

சரசுவுக்கு ஒரு நாள் வயிற்றில் உண்டாகும். அப்போது வளையல் வாங்கிக்கொண்டு வருவேன், போட்டுவிட்டு ஓரமாக நிற்பேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், என் பேரப்பிள்ளையை முதலில் காமாட்சிதான் கையில் வாங்குவாள். அது வழக்கம், அதில் எனக்கு வாய் இல்லை. உன்னைக் கொடுத்ததற்கும் எனக்கு வாய் இல்லை, அது நீ தேடிக்கொண்டது. ஆனால் சிட்டு எங்கள் வீட்டுப் பெண். அவளுக்கும் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், உன் தொரையே வந்து கேட்டாலும் மாட்டேன். அவளுக்கு வயிறு இறங்கியதும் தோட்டத்து லொறியில் ஏற்றி இங்கே கூட்டிக்கொண்டு வா. வேலாயுதத்தை அனுப்பாதே. நீயே வா. சரசுவையும் கூட்டிக்கொண்டு வா, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குட்டி போட்ட நாயைத் தனியாக விடமுடியாது, பழக்குகிற ஆள் கூடவே இருக்கவேண்டும் என்று தொரையிடம் சொல். அது பொய்யில்லை. குட்டிகள் கண் திறக்கிறதுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அத்தனை நாளும் நீ என் வீட்டில் இருப்பாய்.

அம்மா